ஒரே காட்டின் இரண்டு ஆறுகள்

பம்பாய்க்குள் 104 சதுர கிலோமீட்டர் காடு ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. என் வயதுக்காரர்களுக்கு அது எப்போதும் போரிவலிக் காடுதான். அதற்குள் துளசி, விகார் என்று இரண்டு ஏரிகள். துளசிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, கான்ஹேரிக் குன்றின் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, மேற்கே மனோரிக் கழிமுகத்தில் போய் விழுகிறது தஹிசர் ஆறு. விகாரும் அதற்குக் கீழே உள்ள பவாய் ஏரியும் நிரம்பி வழியும் தண்ணீர் தெற்கே இறங்கி, சாக்கிநாக்கா, குர்லா, கலினா என்று சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் வடக்கு ஓரத்தை உரசிக்கொண்டு மாஹிம் கழிமுகத்தில் சேர்கிறது. அது மித்தி.

நாங்கள் குடியிருந்தது மித்திக் கரையில். ஆற்றில் குளிக்க ஆசை வந்தால் மாஹிம் ஸ்டேஷனில் ரயிலேறிப் போரிவலிக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் கறுத்துக் கிடந்ததும், கான்ஹேரியில் எங்கள் காலை நனைத்ததும் ஒரே காட்டில் பெய்த மழை என்பது அப்போது எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கங்கையும் கோதாவரியும் காவிரியும் படித்தோம். மித்தியைப் பற்றி ஒரு வரிகூடப் பாடத்தில் வரவில்லை.

எழுபதுகளின் தாராவியில் ஞாயிற்றுக்கிழமையும் குழாயடியில்தான் விடியும். குடங்கள் நிரம்பினால்தான் பெண்கள் வீட்டை விட்டு நகர முடியும். அதற்குப் பிறகு ஏழெட்டுக் குடும்பங்கள் ஒன்றாகக் கிளம்புவோம். எல்லோரும் திருநெல்வேலிச் சீமை. பாதிப் பேர் ஒரே ஊர். அலுமினியத் தூக்குவாளியில் புளிச்சோறு, துணியில் பொதிந்த அவித்த முட்டை, எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, வறுத்த கருவாடு தனியாக ஒரு டப்பாவில். போரிவலியில் இறங்கிக் கிழக்கே நெடுஞ்சாலையைத் தாண்டினால் காட்டு வாசல். அங்கிருந்து கான்ஹேரிக்கு ஆறேழு கிலோமீட்டர். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தே போவோம். தேக்கும் மூங்கிலும் நின்ற அந்தப் பாதையில் ஆச்சிகள் வழிநெடுக ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவார்கள். கடன்காரன் வராத, கங்காணி குரல் கேட்காத ஒரு நாள் அவர்களுக்கு வாய்த்திருக்கிறதே என்று அந்தப் பேச்சின் வேகத்திலேயே தெரியும்.

கான்ஹேரிக் குன்றுக்கு முன்னால் மலை பிளந்து ஒரு ஆழமான பள்ளம் ஓடுகிறது. இரண்டு பக்கமும் கரும்பாறை. ஆடி மாதம் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் படிப்படியாக விழுந்து இறங்கும். பள்ளத்தின் இரு சரிவிலும், கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்பு தொடங்கிச் சுமார் ஆயிரம் ஆண்டு, பௌத்தத் துறவிகள் பாறையைக் குடைந்து குடைந்து நூற்றுக்கு மேற்பட்ட குகைகளை உண்டாக்கியிருக்கிறார்கள். ஒரு அறை, படுக்க ஒரு கல் திண்ணை, வெளியே ஒரு தாழ்வாரம். சோபாரா, கல்யாண் துறைமுகங்களின் வணிகர்கள் கொடுத்த கொடைகளின் கல்வெட்டுகள் சுவர்களில் இருக்கின்றன.

சிறுவர்களான எங்களுக்குக் கல்வெட்டு பெரிதில்லை. எங்களை இழுத்தவை தொட்டிகள். ஏறக்குறைய ஒவ்வொரு குகை வாசலிலும் பாறைக்குள் குடைந்த ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். மேலே சரிவில் குனிந்து பார்த்தால் சுண்டுவிரல் நுழையும் அகலத்தில் வெட்டிய வாய்க்கால் தெரியும். வளைந்து வளைந்து வந்து தொட்டியின் வாயில் முடியும். பாறைமேல் விழும் மழையை அலையவிடாமல் கைப்பிடித்துக் கூட்டிவந்து தொட்டியில் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு இலையைக் கிழித்து மேலே வாய்க்காலில் போட்டுவிட்டு, அது தொட்டிக்கு வந்து சேரும்வரை கூடவே இறங்கி ஓடுவோம். மழை பெய்யும் மலையில், ஓடை ஓடும் பள்ளத்தின் மேலே உட்கார்ந்துகொண்டு, சித்திரை வைகாசிக்கு என்ன செய்வது என்று யோசித்தவர்கள் அவர்கள். மாநகரத்துக்குத் தண்ணீர்த் திட்டம் போடுகிற பொறியாளர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இந்தச் சரிவில் ஏறி அந்த வாய்க்கால்களின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மாட்டுங்காவிலிருந்தும் தமிழர்கள் வருவார்கள். ஆபீசில் வேலை பார்க்கும் குடும்பங்கள். எவர்சில்வர் அடுக்கு கேரியரில் தயிர்சாதம், எலுமிச்சை சாதம், பிளாஸ்கில் காபி. அவர்கள் மேல் பாறையிலும் நாங்கள் கீழ்ப் பாறையிலும் உட்காருவோம். ஊரில் எப்படியோ பம்பாயிலும் அப்படித்தான்; யாரும் சொல்லாமலே இடம் பிரிந்துவிடும். ஒரு ஞாயிறு பிற்பகலில் திடீரென்று மழை கொட்டியது. பள்ளத்தில் தண்ணீர் நிறம் மாறி ஏறுவதைப் பார்த்து எல்லோரும் மூன்றாம் எண் குகைக்கு ஓடினோம். பெரிய சைத்திய மண்டபம் அது. தாழ்வாரத்தின் இரு கோடியிலும் இருபதடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் புத்தர்கள். உள்ளே இரண்டு வரிசைத் தூண்களுக்கு நடுவே முப்பது நாற்பது பேர் ஈரத்துணியோடு நின்றோம். மழை நிற்கவில்லை. ஒரு மாட்டுங்கா மாமி எங்கள் ஆச்சியிடம், "குழந்தைகள் நடுங்கறதே, கொஞ்சம் காபி குடுக்கட்டுமா?" என்று கேட்டார். ஆச்சி பிளாஸ்க் மூடியை வாங்கிக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, முந்தானையால் துடைத்துத் திருப்பித் தந்தார். பதிலுக்கு எங்கள் பக்கத்திலிருந்து இட்லி போனது. அதை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஊரில் இருந்திருந்தால் அந்த இரண்டு கைகளும் அப்படி நீண்டிருக்காது என்று அப்பா பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறை வேலை. பச்சைத் தோலை உப்புப் போகக் கழுவி, சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் ஊறவைத்து, முடி சுரண்டி, சதை வழித்து, மறுபடியும் கழுவி, பட்டைச் சாறு நிறைந்த தொட்டியில் இறக்குவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கழுவல் உண்டு. குழியில் இறங்கித் தோலைப் புரட்டி மிதிப்பவர்களின் கால்களைச் சுண்ணாம்பு தின்றுவிடும். அப்பாவின் குதிகாலில் ஆழமான வெடிப்புகள். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்திருக்கும். கான்ஹேரி ஓடையில் தோதான பாறையாகப் பார்த்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பாதங்களையும் ஓடும் நீரில் விட்டு உட்காருவார். உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார். குஞ்சுமீன்கள் வந்து வெடிப்பைக் கொத்தும். நான் விரட்டப் போனால், "விடுல, அதுக தின்னுட்டுப் போட்டும், மருந்துல்லா" என்பார்.

அந்த ஓடையை அவர் ஆறு என்று ஒத்துக்கொண்டதே இல்லை. "ஆறுன்னா காலை வச்சதும் ஆளைத் தள்ளணும்." அவருக்கு ஆறு என்றால் தாமிரபரணி ஒன்றுதான். எங்கள் பூர்வீகம் விக்கிரமசிங்கபுரம் பக்கம். அங்கிருந்து பாபநாசம் படித்துறை, அதற்கு மேலே அகத்தியர் அருவி, அதற்கும் மேலே காரையாறு அணை, அணைக்குள் படகேறினால் பாணதீர்த்தம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்கு மாட்டுவண்டி கட்டிப் போய், ஆற்றங்கரையில் குடில் போட்டுப் பத்து நாள் தங்கிய கதையை அப்பா சொல்லச் சொல்ல, நாங்கள் பார்க்காத அந்தக் காடு எங்களுக்கு மனப்பாடம் ஆனது. 1940களில் காரையாறு அணை எழும்பியபோது அங்கே கல் சுமந்தவர் என் தாத்தா.

அந்தக் காட்டுக்கும் பின்னாளில் வாசல் வந்தது. முண்டந்துறை 1962இலேயே புலிகள் சரணாலயம் ஆகியிருந்தது. 1988இல் களக்காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். இப்போது பாபநாசத்தில் சோதனைச் சாவடி. வண்டியைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக்கை இறக்கிவைத்துவிட்டுத்தான் மேலே விடுகிறார்கள். ஆடி அமாவாசைக்குத் தங்கும் நாட்களைக் குறைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்குக் கிடையாது. பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று சொல்லி அவிழ்த்துப் போட்ட துணிகள் படியோரம் மலைமலையாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேட்டியும் சேலையும் பாறையிடுக்கில் சுற்றிக்கொண்டு மட்கும் அந்த ஆற்றைத்தான் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. மேலே சாவடி இருக்கிறது, அருவிகள் பிழைத்துக்கொண்டன. சாவடிக்குக் கீழே ஆற்றுக்கு யார் காவல்?

அந்த மலையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எண்ணாயிரம் ஏக்கருக்கு மேல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, மாஞ்சோலையில் தேயிலை வளர்த்த பாம்பே பர்மா நிறுவனத்தின் தலைமையகம் இந்தப் பம்பாயில்தான் இருக்கிறது. எங்கள் ஜில்லாவில் பிழைக்க வழியில்லாமல் ஒரு பகுதி பம்பாய்க்கு ரயிலேறியது. இன்னொரு பகுதி பம்பாய்க் கம்பெனியின் தேயிலைக்கு மலையேறியது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் அந்தத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள்மீது தடியடி நடந்து, 17 பேர் தாமிரபரணியில் உயிரை விட்டார்கள். அப்பா பார்த்து வளர்ந்த ஆறு அது. அந்தச் செய்தி வந்த இரவு அவர் சாப்பிடவில்லை. 2024இல் தோட்டம் மூடப்பட்டது. நான்கைந்து தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இறங்கிப் போகிறார்கள். நிலம் காப்பகத்துக்குப் போகிறது. காடு பெருகட்டும், மனதார விரும்புகிறேன். அந்தக் காட்டில் தேயிலைக் கூடையோடு தேய்ந்தவர்களுக்கு அடிவாரத்தில் ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் கொடுத்துவிட்டு அது பெருக வேண்டும்.

கான்ஹேரி ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை விடிந்தால் அப்பா மறுபடியும் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்குவார். பட்டறையின் கழுவல் தண்ணீர் ஒரு நாலாவில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விழுந்து, அந்த நாலா கழிமுகத்தில் விழும். தாராவியில் அப்போது இருந்த பட்டறைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. மித்தியை நாங்கள் ஆறு என்றே அழைத்ததில்லை, நாலா என்போம். கோலிவாடாவின் மீனவக் கிழவர்கள் மட்டும், இங்கே மீன் பிடித்தோம், இறால் அள்ளினோம் என்று சொல்வார்கள். தாராவி என்ற ஊரே அவர்களுடைய மீன்பிடிக் குப்பமாக இருந்தது. அலையாத்திக் காட்டைக் குப்பையும் மண்ணும் போட்டு மேடாக்கி, அதன்மேல் நாங்கள் குடிசை போட்டோம். நகரம் எங்களுக்குக் காட்டிய இடம் அது ஒன்றுதான்.

ஆனால் மித்தி கெட்டதற்குத் தாராவியைக் கை காட்டுகிறவர்களுக்கு நான் வரைபடத்தை விரித்துக் காட்டுவது வழக்கம். முதலில் விகார். பம்பாய்க்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க இந்த ஆற்றின் மேல் பள்ளத்தாக்கை மறித்து 1860இல் கட்டி முடித்த ஏரி அது. நகரத்தின் முதல் குழாய்த் தண்ணீர். அன்றிலிருந்து மித்திக்குச் சொந்தத் தண்ணீர் என்பது விகாரும் பவாயும் நிரம்பி மிஞ்சுவது மட்டும்தான். மழைக்காலத்தில் சில வாரம். மற்ற மாதங்களில் அதன் படுகையில் ஓடுவது முழுக்க முழுக்கச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கழிமுகத்திலிருந்து ஏறிவரும் கடல்நீரும். தாராவிக்கு வருமுன்பே சாக்கிநாக்காவின் பட்டறைகள், பழைய எண்ணெய் டிரம் கழுவுகிற இடங்கள், குர்லாவின் தொழிற்கூடங்கள் எல்லாம் அதில் இறங்கிவிடுகின்றன. விமான நிலையத்தின் ஓடுபாதைக்காக ஆற்றை மடக்கிச் செங்கோணமாகத் திருப்பியிருக்கிறார்கள். பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்பது ஆறு பரவுவதற்கு இருந்த சதுப்பு நிலத்தின்மேல். அங்கே சதுர அடி விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மண் எதிலிருந்து எடுத்தது என்பதைக் கேட்கிறவர்கள் குறைவு.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நேரம் கடலில் ஏற்றம். ஆறு தன் பழைய இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது. கலினா, குர்லா, சியோன், தாராவி என்று கழுத்தளவுத் தண்ணீர். நகரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். எங்கள் சந்தில் தண்ணீர் ஏறிய வேகத்தில் ஆட்டுக்கல்லைத் தவிர எதுவும் இருந்த இடத்தில் இல்லை. அம்மாவைப் பரணில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு நாங்கள் கதவு மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விடியற்காலையில் தண்ணீர் வடிந்தபோது சுவரில் மார்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அன்றைக்குத்தான் நகரத்தின் பெரிய மனிதர்கள் பலருக்கு மித்தி என்று ஒரு ஆறு இருப்பது தெரிந்தது. அடுத்த மாதமே அதற்கென ஒரு மேம்பாட்டு, பாதுகாப்பு ஆணையம் அமைத்தார்கள். எனக்கும் அப்போது வந்த பத்திரிகை வரைபடம் ஒன்றைப் பார்த்துத்தான் இந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று தெரிந்தது. நாங்கள் ரயிலேறிப் போன அதே காடு. அப்பா அப்போது உயிரோடு இல்லை.

சென்ற மழைக்காலத்தில், செம்பூரில் இருக்கும் தங்கை மகன் குடும்பத்தோடு கான்ஹேரிக்குப் போனேன். தலைக்கு இவ்வளவு என்று சீட்டு, பையைத் திறந்து சோதனை, பிளாஸ்டிக் போத்தலுக்குக் கணக்கு. மேலே போக வண்டி ஓடுகிறது. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. என் முட்டிக்கு அந்த வண்டி தேவையாகத்தான் இருந்தது. பள்ளத்தில் அதே கரும்பாறை, அதே படிப்படியான தண்ணீர். இறங்கக் கூடாது. விசிலோடு காவலர் நிற்கிறார். மழை எங்கோ மேலே பெய்து, பள்ளத்தில் திடீரென்று ஏறும் தண்ணீரைக் கண்ணால் கண்டவன் நான்; அந்த விசில் சரியானது. காட்டில் சிறுத்தைகள் இருக்கின்றன. கேமரா வைத்து எண்ணியதில் காட்டிலும் அதை ஒட்டிய ஆரேயிலும் ஐம்பதுக்கு மேல் என்கிறார்கள். இவ்வளவு ஜனத்துக்கு நடுவே அவை குட்டி போட்டு வளர்க்கின்றன என்றால் அந்த வேலியும் சீட்டும் பயன் தந்திருக்கின்றன. தங்கை பேத்தி தொட்டி வாய்க்காலில் இலை விட்டுப் பார்த்தாள். போய்ச் சேர்ந்தது.

திரும்பும்போது நான் ஒன்று கேட்டேன். வாசலோடு போகாமல் ஆற்றோடு கொஞ்ச தூரம் நடக்கலாமா? பூங்கா எல்லையைத் தாண்டியதும் தஹிசர் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் சுவர். சற்று தூரத்திலேயே குடியிருப்புகளின் சாக்கடைகள் திறக்கின்றன. எருமைத் தொழுவங்களின் சாணம் இறங்குகிறது. பாறைமேல் கண்ணாடியாய் வந்த நீர் அங்கே சாம்பல் நிறமாகிறது. பாலத்தில் நின்று தங்கை மகன், "மாமா, இது மேல பார்த்த தண்ணிதானா?" என்றான். படித்த பையன், பொறியாளன். அவனுக்கே நம்ப முடியவில்லை. காட்டுக்குச் சட்டம் இருக்கிறது, எல்லைக்கல் இருக்கிறது, காவலர் இருக்கிறார். அதே தண்ணீர் எல்லைக்கல்லைத் தாண்டிய நிமிஷத்தில் மழைநீர் வடிகால் ஆகிவிடுகிறது. எங்கள் மித்தியும் அப்படித்தான், தாமிரபரணியும் அப்படித்தான்.

போரிவலிக் காட்டைக் காப்பாற்ற எளியவர்கள் நிறையக் கொடுத்திருக்கிறார்கள். 1997இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, காட்டு நிலத்தில் இருந்த குடிசைகள் ஆயிரமாயிரமாக இடிக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டு கழித்துச் சாந்திவலியில் மாடி வீடுகள் கிடைத்தன. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க ஆளில்லை. காட்டுக்குள் தலைமுறைகளாக இருக்கும் வார்லி ஆதிவாசிகளின் பாடாக்கள் (சிறு குடியிருப்புகள்) இன்றும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் மன்றாடிக்கொண்டிருக்கின்றன. அதே காட்டின் விளிம்பில், ஆரேயில், 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக இரவோடு இரவாக இரண்டாயிரத்துக்கு மேல் மரங்களை வெட்டினார்கள். இப்போது தாணேக்கும் போரிவலிக்கும் இடையே பூங்காவுக்கு அடியில் இரட்டைச் சுரங்கச் சாலை வருகிறது. குடிசைக்குக் கிடைத்த கண்டிப்பு சாலைக்கும் பணிமனைக்கும் கிடைத்திருந்தால் எனக்கு இந்தக் காட்டுச் சட்டத்தின்மேல் இன்னும் மரியாதை இருக்கும்.

தாராவியின் வாசலிலேயே ஒரு காடு இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மித்தியின் ஓரத்தில், நகரத்துக் குப்பை கொட்டிய மேடு. எங்கள் சிறுவயதில் அந்தப் பக்கமிருந்து காற்றடித்தால் ஜன்னலைச் சாத்துவோம். எண்பதுகளில் அதன்மேல் மண் பரப்பி மரம் நட ஆரம்பித்தார்கள். 1994இல் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா என்று திறந்தார்கள். 37 ஏக்கர். இன்று உள்ளே போனால் வெயில் தரையில் விழாது. வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கவே பள்ளிக் குழந்தைகள் வருகிறார்கள். குப்பைமேட்டின்மேல் பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒரு காட்டை எழுப்ப முடிந்த ஊர் இது. அதன் வேலியை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு மட்டும் இருபது ஆண்டாகத் தூர்வாருகிறார்கள், சுவர் கட்டுகிறார்கள், மறுபடியும் தூர்வாருகிறார்கள். அந்தத் தூர்வாரலில் 65 கோடி ரூபாய் முறைகேடு என்று 2025இல் போலீஸ் வழக்கே பதிந்தது. வாராத சேற்றுக்குப் பணம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அந்தச் சேறு எங்கள் சுவரில் கோடு போட்ட சேறு.

அதே 2025 ஆகஸ்டில் துளசியும் விகாரும் நிரம்பி வழிந்தன. டிவியில் நல்ல செய்தியாகச் சொன்னார்கள்; ஏரிகள் நிரம்பினால் நகரத்துக்குத் தண்ணீர் வெட்டு இல்லை. அதே நாட்களில் குர்லாவில் மித்தி 3.9 மீட்டருக்கு ஏறி, கிராந்தி நகரிலிருந்து முந்நூறு பேருக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட்டார்கள். தாராவியிலிருந்து தம்பி மனைவி போன் செய்தாள். "அத்தான், தண்ணி வாசப்படிக்கு வந்துட்டு. கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் மேல ஏத்திட்டோம். நீங்க டிவில பாத்துச் சொல்லுங்க, இன்னும் ஏறுமா?" விகார் நிரம்பி வழிவதை ஒரு சேனலிலும் மித்தியின் மட்டத்தை இன்னொரு சேனலிலும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே தண்ணீரின் இரண்டு செய்தி. ஒன்றைச் சொன்னவர்கள் மற்றதோடு சேர்த்துச் சொல்லவில்லை.

மாநகராட்சி ஏழு பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டுகிறது. அதில் ஒன்று தாராவியில், நாளொன்றுக்கு 41.8 கோடி லிட்டர். அது ஓடத் தொடங்கி, மேலே சாக்கிநாக்காவிலும் குர்லாவிலும் திறந்துகிடக்கும் சாக்கடைவாய்களையும் குழாயில் கோர்த்துவிட்டால், மழைக்காலத்தில் விகாரிலிருந்து வரும் தண்ணீர் தண்ணீராகவே தாராவிக்கு வந்து சேரும். கோடையில் வெறும் மணலும் கடலேற்றமும் இருந்தால்கூடப் போதும், கோலிவாடாக்காரர்கள் மீண்டும் வலை எடுப்பார்கள். எந்த நாலாவை எந்த மாதம் இணைக்கப் போகிறீர்கள் என்று தேதியோடு கேட்டு மனு எழுதியிருக்கிறோம். எங்கள் சந்திலும் அடுத்த சந்திலும் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட்ட இளவட்டங்களில் பாதிப் பேர் போரிவலிக் காட்டைப் பார்த்ததே இல்லை; ஞாயிறுகளில் அவர்களுக்கு மால் இருக்கிறது. அடுத்த ஆடியில் அவர்களைக் கான்ஹேரிக்குக் கூட்டிப்போகிறேன். மாஹிமிலிருந்து ரயில் டிக்கெட்டும் வாசல் சீட்டும் என் செலவு, இட்லி தம்பி மனைவி பொறுப்பு.